பழகாத எலெக்ட்ரிக் கிட்டாரைக் கடையில் சோதித்துப் பார்ப்பது எப்படி? ஸ்ட்ராட் பழகிய கைக்கு ஒரு செமி-ஹாலோ வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களில் பெரும்பாலோரின் கை ஒரே வகையில்தான் பழகியிருக்கிறது. இரண்டு கொம்பு, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்), ஐந்து நிலை சுவிட்ச் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் மாரியம்மன் திருவிழா மெல்லிசை மேடையிலும் அதுவே. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த அந்த வடிவத்தை உலகம் முழுக்க நகலெடுத்துத் தள்ளியிருப்பதால், முதல் கிட்டார் வாங்கப் போகிறவரின் கையில் கடைக்காரர் அதைத்தான் கொடுக்கிறார்.

சில ஆண்டுகள் வாசித்த பிறகு ஆசை வேறு பக்கம் திரும்பும். வயலின்போல எஃப் வடிவத் துளை வைத்த, அகன்ற உடல் கொண்ட செமி-ஹாலோ கிட்டார் பலரை இழுக்கிறது. 1958-இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்.-335 இதன் மூல மாதிரி. எபிஃபோன், ஐபனெஸ், கிரெட்ச் போன்ற பெயர்களில் அதைவிட மிகக் குறைந்த விலையிலும் செமி-ஹாலோ கிட்டார்கள் கிடைக்கின்றன. இந்த வழிகாட்டி அதை வைத்தே எழுதப்பட்டது. தலையில்லாக் கிட்டார், ஏழு கம்பிக் கிட்டார் போன்றவற்றுக்கான குறிப்புகள் பின்னால் வருகின்றன.

பழகாத கிட்டாரைக் கையில் எடுத்த ஐந்தே நிமிடத்தில் பத்து குறைகள் கண்ணில் படும். கை எட்டவில்லை, கம்பி இறுக்கமாக இருக்கிறது, ஓசை மொத்தையாக வருகிறது என்று பட்டியல் நீளும். அந்தப் பத்தில் எது அந்த வகையின் இயல்பு, எது அரை மணி நேர செட்டப்பில் (கம்பி உயரம் போன்றவற்றைக் கைக்கேற்பத் திருத்தும் வேலையில்) சரியாகும், எது அந்தக் குறிப்பிட்ட கிட்டாரின் நிஜமான பழுது என்று பிரித்தறிவதுதான் கடையில் நமக்கு இருக்கும் ஒரே வேலை. இதைப் பிரிக்கத் தெரியாதவர் நல்ல கிட்டாரை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருவார். அல்லது பழுதான ஒன்றை, 'போகப் போகப் பழகிவிடும்' என்று வீட்டுக்குத் தூக்கி வருவார்.

முதல் வேலை வீட்டில்

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் சொந்தக் கிட்டாரை அளந்து வையுங்கள். தையல் டேப் ஒன்றும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் போதும். நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) முனையிலிருந்து 12-ஆம் ஃபிரெட் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து இரட்டித்தால் வருவது ஸ்கேல் நீளம். ஸ்ட்ராட் வகையில் அது 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். 335 வகையில் சுமார் 24.75 அங்குலம், 628 மில்லிமீட்டர். அடுத்து, 12-ஆம் ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை உள்ள உயரத்தை முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் அளந்து எழுதுங்கள். இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சௌகரியம்.

மூன்றாவதாகக் கம்பியின் தடிமன். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கடையில் ஏமாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இல்லை. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, அதன் இழுவிசை ஸ்கேல் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கணக்குப் போட்டால் 335 வகையில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறைவு. ஆகவே கம்பி இளக்கமாக இருக்க வேண்டும். ஆனால் கடையில் எடுத்துப் பார்த்தவர், 'இது ரொம்ப இறுக்கம்' என்கிறார். ஸ்ட்ராட் வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் 9-இல் (முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு) தொடங்கும் கம்பித் தொகுப்புடனும், 335 வகைக் கிட்டார்கள் பெரும்பாலும் 10-இல் தொடங்கும் தொகுப்புடனும் வருவதுதான் காரணம். முதல் கம்பி 9-லிருந்து 10-க்கு மாறினால் மட்டுமே இழுவிசை 23 சதவீதம் கூடுகிறது. ஸ்கேல் குறைந்ததால் கிடைத்த சலுகையைக் கழித்த பிறகும் 16 சதவீதம் மிச்சம். கை வலித்தால் குற்றவாளி கம்பி; கிட்டார் அல்ல. கம்பித் தொகுப்பை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்காக ஒரு கிட்டாரை நிராகரிப்பது பெரிய நஷ்டம்.

கொண்டுபோக வேண்டியவை: தினமும் பயன்படுத்தும் பிக், கிளிப் டியூனர், உங்கள் ஸ்ட்ராப், அந்த ஸ்டீல் ஸ்கேல், அளவுகள் எழுதிய தாள். கடையில் கொடுக்கும் பிக் மெலிதாக இருந்தால், அதே கிட்டாரின் ஓசை வேறாகக் கேட்கும். பெரிய பக்கிள் வைத்த பெல்ட், முன்பக்கம் உலோக ஜிப் வைத்த சட்டை, மோதிரம், கைச்சங்கிலி ஆகியவற்றை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடுத்தவரின் புதுக் கிட்டாரின் முதுகில் கீறல் விழுந்தால், பிறகு அந்தக் கடைக்குள் தலைநிமிர்ந்து போக முடியாது.

எங்கே போவது, எப்போது போவது

நம் ஊர்க் கடைகளில் அக்கூஸ்டிக் கிட்டாரும் கீபோர்டும்தான் அதிகம் ஓடுகிற சரக்கு. செமி-ஹாலோ கேட்டால் படத்தைக் காட்டி, முன்பணம் கட்டினால் வரவழைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அது கடைக்காரரின் தவறில்லை. ஆண்டுக்கு ஒன்றுகூட விற்காத பொருளில் யார் பணத்தை முடக்குவார்கள்? ஆனால் பழகாத வகையை வாசித்துப் பார்க்காமல் வரவழைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெரிந்த வகையென்றால் இணையத்தில் வாங்கினாலும் பெரிய ஆபத்தில்லை.

ஆகவே பயணம் உறுதி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர், பெங்களூரு 90 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் 65 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் கிட்டார் வகைகளைப் பொறுத்தவரை பெங்களூருவின் தேர்வு மிகப் பெரியது. போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த மாடல் பெட்டியில் இருக்கிறதா, சுவரில் மாட்டியிருக்கிறதா? ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) செருகி வாசிக்க விடுவார்களா? கடையில் செட்டப் செய்கிறவர் அன்றைக்கு இருப்பாரா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்கிற கடைக்கே முதலில் போங்கள்.

வார நாளில், கடை திறந்த கையோடு உள்ளே நுழைவது நல்லது. சனிக்கிழமை மாலையில் போனால், பக்கத்தில் ஒருவர் டிரம்ஸ் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்திருப்பார். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று களைத்துப்போன காதுக்கு அதற்குமேல் எதுவும் கேட்காது.

ஒயரைச் செருகாமல் முதல் பத்து நிமிடம்

சுவரில் மாட்டியிருப்பதை நீங்களே எடுக்காமல், 'அண்ணா, இதை எடுத்துப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பெங்களூருவின் இசைக் கடைகளில் தமிழ் புரிகிறவர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். கேட்டு வாங்கினால் கிட்டாரோடு ஸ்டூலும் அமைதியான மூலையும் சேர்ந்து கிடைக்கும். கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்காராதீர்கள்.

உட்கார்ந்ததும் ஆம்பைத் தேடாதீர்கள். செமி-ஹாலோவின் உடல் சுமார் 16 அங்குல அகலம். வலது கை பெரிய வளைவைத் தாண்டி இறங்க வேண்டியிருப்பதால் தோள் சற்று உயரும். நின்று ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் இன்னொரு வித்தியாசம் தெரியும்: முதல் ஃபிரெட் இடப்பக்கம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டதுபோல் இருக்கும். ஸ்கேல் குறைந்தும் ஏன் தூரம் கூடுகிறது? ஸ்ட்ராட்டில் ஸ்ட்ராப் குமிழ் நீண்ட கொம்பின் நுனியில், கிட்டத்தட்ட 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேராக இருக்கிறது. 335 வகையில் அது நெக் உடலோடு சேரும் அடிப்பகுதியில் இருக்கிறது. அதனால் கிட்டார் முழுவதுமே இடப்பக்கம் நகர்ந்து தொங்குகிறது. இது அந்த வகையின் இயல்பு. எந்த செட்டப்பும் இதை மாற்றாது. நீங்கள் நின்று வாசிப்பவரென்றால் பத்து நிமிடமாவது நின்றே வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்து வாசித்துவிட்டு வாங்கிப் போனவர்கள் முதல் மேடையில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பிறகு கைபேசியின் டார்ச்சை எடுத்து எஃப் துளைக்குள் அடியுங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். உள்ளே நடுவில், உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே, நீளவாக்கில் கெட்டியான மரக்கட்டை ஒன்று தெரிய வேண்டும். அதுதான் சென்டர் பிளாக். அது இருந்தால் செமி-ஹாலோ. இல்லாமல் மறுபக்கச் சுவர்வரை வெளியாகத் தெரிந்தால், அது முழு ஹாலோ கிட்டார். இரண்டும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கலாம். மேடையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதே வெளிச்சத்தில், உள்ளே ஒயர்கள் தொங்கிக்கொண்டு மரத்தில் உரசுகின்றனவா, பசை வழிந்து காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிட்டாரை மெதுவாக அசைத்தால் உள்ளே எதுவும் உருளக் கூடாது.

ஒயர் விஷயத்தில் நான் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்ட்ராட்டில் பிளாஸ்டிக் தகட்டின் திருகுகளைக் கழற்றினால் மொத்த ஒயரிங்கும் கைக்கு வந்துவிடும். 335 வகையில் பெரும்பாலான மாடல்களுக்குப் பின்பக்க மூடியே கிடையாது. பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மின் பாகம்), ஜாக் (ஒயர் செருகும் துளை), சுவிட்ச் என்று எதை மாற்றினாலும் எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, நூல் கட்டி, மறுபடி அதே வழியாக உள்ளே இழுத்துப் பொருத்த வேண்டும். நம் பக்கத்தில் ஸ்பீக்கரும் மிக்சரும் பழுது பார்க்கிறவர்களிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்ட்ராட்டில் சின்னக் குறையாக விட்டுவிடக்கூடிய கரகரப்பான வால்யூம் குமிழ், இங்கே பெங்களூருவுக்கு மறுபயணம்.

யாராவது தட்டிப் பார்த்து, 'இது பிளைவுட், அசல் மரமில்லை' என்று சொன்னால் பதறாதீர்கள். 1958-இன் அசல் கிட்டாரும் மேப்பிள் மரத் தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்ததுதான். இந்த வகையின் ஓசையே அப்படி உருவானது.

இனி நெக். உடல் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி, நெக்கின் விளிம்பைத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோலப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே சீராக ஓட வேண்டும். ஒன்று முறுக்கிக்கொண்டு போனால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள். மெல்லிய முன்வளைவு இருப்பது நல்லது. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாம் எட்டாம் ஃபிரெட் அருகே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. கூடுதலோ குறைவோ என்றால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். அதைக் கடைக்காரர்தான் செய்ய வேண்டும். நீங்கள் ஆலன் கீயை எடுக்காதீர்கள்.

நெக்கைப் பிடித்து மேலும் கீழும் விரல் நுனியை ஓட்டுங்கள். ஃபிரெட் ஓரங்கள் குத்துகின்றனவா? வறண்ட காற்றில் மரம் சுருங்கும்போது உலோகம் வெளியே நீட்டிக்கொள்ளும். நம் பக்கத்து மாசி, பங்குனிக் காற்றில் இது இன்னும் கூடும். அரம் போட்டுச் சரிசெய்யக்கூடியதுதான். செய்து தருவார்களா என்று கேளுங்கள்.

335 வகையில் தலைப்பகுதி பின்பக்கம் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் முதலில் உடைவது நட்டுக்குப் பின்னால் உள்ள கழுத்துதான். அங்கே முன்னும் பின்னும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெயின்ட்டின்மேல் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்து, விரல் நகம் அதில் இடறினால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கிட்டார்கள் பல கை மாறியவை. ஒருமுறை விழுந்து எழுந்ததை யாரும் சீட்டு எழுதி ஒட்டி வைப்பதில்லை.

கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரு முறை மீட்டுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நடுவில் ஒரே ஓர் இடத்தில் ஓசை 'டக்' என்று செத்துப்போகிறதா என்பதை வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது. 12-க்கு மேலே முதல் இரண்டு கம்பிகளை முழு ஸ்வரம் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது ஓசை அறுந்தால், ஆக்‌ஷன் மிகத் தாழ்ந்திருக்கிறது அல்லது ஏதோ ஒரு ஃபிரெட் தூக்கியிருக்கிறது. பிறகு டியூனரை மாட்டி, மூன்றாம் கம்பியைச் சுருதி சேர்த்து, நாலு முறை நன்றாகத் தள்ளி மறுபடி பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், டியூனிங் கீயைத் திருகும்போது நட் பக்கம் 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. மூன்று மூன்றாக கீ வைத்த சாய்ந்த தலையில் இது சர்வ சாதாரணம். பள்ளத்தைச் சீவினால் தீரும்.

ஆம்ப்: காதை ஏமாற்றும் இடம்

கடைக்காரர் தன்னிடம் உள்ள நல்ல ஆம்பில் செருகி, கொஞ்சம் ரிவெர்ப் ஏற்றி, அவரே ஒரு அழகான கார்டு வாசித்துக் காட்டுவார். கேட்டு மயங்கிவிடாதீர்கள். அந்த ஆம்ப் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. உங்களிடம் இருப்பது 10 வாட்ஸ் சிறிய ஆம்ப் என்றால் அதுபோன்ற ஒன்றையே கேளுங்கள். மேடையில் நேரடியாக மிக்சரில் செருகி வாசிப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். பேஸ், மிடில், டிரெபிள் மூன்றும் நடுவில், ரிவெர்ப் பூஜ்யம், டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஓசை. தொடக்கம் இங்கேதான்.

கூடவே ஒரு ஸ்ட்ராட் வகைக் கிட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆம்ப், அதே ஒயர். ஒரே கார்டு வரிசையை முதலில் தெரிந்த கிட்டாரில், பிறகு தெரியாத கிட்டாரில் வாசியுங்கள். ஊர் பெயர் தெரியாத ஆம்பின் குணத்தையும் கிட்டாரின் குணத்தையும் பிரித்துக் கேட்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரு எச்சரிக்கை: 335 வகையில் உள்ள ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் சிங்கிள் காயிலைவிடச் சத்தமாக வரும். சத்தம் கூடினால் மனிதக் காது அதை 'நல்ல ஓசை' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்பின் வால்யூமைத் திருப்பி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

'மொத்தையாக இருக்கிறது' என்ற குறை இப்போதுதான் வரும். ஸ்ட்ராட்டின் கணீர் என்ற உச்ச ஓசைக்குப் பழகிய காதுக்கு நெக் பக்கத்து ஹம்பக்கர் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலத்தான் கேட்கும். உடனே ஆம்பின் டிரெபிளை ஏற்றாதீர்கள். கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்குங்கள், பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றுங்கள், நடு நிலையில் வைத்துப் பாருங்கள். செமி-ஹாலோவின் அழகு பெரும்பாலும் அந்த நடு நிலையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அங்கே கார்டின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்போதும் மொத்தையாகவே இருந்தால் உங்களுக்கு இந்த வகை ஒத்துவராமல் போகலாம். அல்லது கம்பி மாதக்கணக்கில் சுவரில் தொங்கித் துருவேறியிருக்கலாம். கம்பியை விரலால் தடவி, விரல் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் புதுக் கம்பிக்கான காசை நீங்களே கொடுத்தாவது மாற்றச் சொல்லலாம். பெரிய தொகைக்கு வாங்கும் முன் அது வீண் செலவாகாது.

குமிழ்களின் கணக்கும் வேறு. இரண்டு வால்யூம், இரண்டு டோன், மூன்று நிலைச் சுவிட்ச். நடு நிலையில் இரண்டு பிக்கப்பும் வேலை செய்யும்போது, ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் மொத்த ஓசையும் நின்றுபோகும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கிப்சன் பாணி ஒயரிங்கின் வழக்கமான நடத்தை அது. வால்யூம் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதும் இயல்புதான். ஆனால் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, சுவிட்சைத் தட்டும்போது ஓசை விட்டுவிட்டு வருவது, ஜாக்கில் ஒயரை லேசாக அசைத்தால் 'பட்பட்' என்ற சத்தம், இவை பழுது. மேலே சொன்ன எஃப் துளை வைத்தியத்தை நினைவில் வையுங்கள்.

ஆம்பின் உறுமலைக் கேளுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சிங்கிள் காயில் பிக்கப் அதை இழுத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகும். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் அதை ரத்து செய்துவிடுவதால் இந்த முனகல் வெகுவாகக் குறையும். கம்பியைத் தொட்டதும் மிச்சமிருக்கும் உறுமல் குறைந்தால் சரி. தொட்டால் கூடினாலோ, விரலில் சுருக்கென்று ஷாக் தட்டினாலோ உடனே கையை எடுத்துவிடுங்கள். கடையின் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், ஆம்ப் பழுதாக இருக்கலாம், கிட்டாரின் உள் இணைப்பு விட்டிருக்கலாம். வேறு பிளக், வேறு ஆம்ப், வேறு கிட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது என்று தெரியும்.

மேடைக்காரர்கள் விடக்கூடாத சோதனை ஒன்று இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஆம்பை நோக்கி நின்று, கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்து, சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் கிட்டார் தானாகவே ஊளையிடத் தொடங்கும். உள்ளீடற்ற மரம் ஸ்பீக்கரின் அதிர்வை வாங்கித் திருப்பி அனுப்புவதால் வரும் ஃபீட்பேக் இது. சென்டர் பிளாக் இருப்பதே அதைக் கட்டுப்படுத்தத்தான், என்றாலும் ஸ்ட்ராட்டைவிட முன்னதாகவே வரும். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் எஃப் துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்ததும் இதற்காகவே. 1980-இல் கிப்சன் அவருக்காக வெளியிட்ட லூசில் மாடலில் துளையே வைக்கவில்லை. திருவிழா மேடைகளில் கிட்டார்க்காரருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கி வைக்கிற ஊர் நம் ஊர். உடலை எந்தப் பக்கம் திருப்பினால் ஊளை அடங்குகிறது என்று கடையிலேயே கண்டுகொள்ளுங்கள்.

என்ன வாசிப்பது

உங்களுக்குத் தூக்கத்திலும் வருகிற விஷயங்களை மட்டும். புதுக் கிட்டாரில் புதுப் பாடம் படிக்க ஆரம்பித்தால் எது கிட்டாரின் கஷ்டம், எது பாடத்தின் கஷ்டம் என்று தெரியாது. நீங்கள் வாராவாரம் உண்மையில் வாசிக்கிற பாட்டு எதுவோ அதன் ரிதம், ஒரு இடையிசைத் துண்டு, ஒரு மெதுவான தனி ராகக் கோடு போதும். கர்நாடகம் வாசிக்கிறவர்கள் கமகத்தைக் கட்டாயம் பாருங்கள். இழுத்து வளைக்கும் கமகத்துக்கு இந்தக் குட்டை ஸ்கேல் ஒத்தாசை செய்யும். கம்பி மேலேயே வழுக்கிப் போகும் கமகத்துக்கு ஃபிரெட் உயரம் முக்கியம். உயரமான ஃபிரெட்டில் வழுக்கினால் படிக்கட்டு ஏறுவதுபோல் தட்டும். யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களைக் கொண்டுவந்து காட்டிய நாட்டில், ஃபிரெட் இருப்பதால் முடியாது என்ற சாக்கு எடுபடாது. ஆனால் எந்த ஃபிரெட் உங்கள் விரலுக்கு ஒத்துவரும் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வாசிக்காதீர்கள். காது களைத்தால் எல்லாம் நன்றாகவும் கேட்கும், எல்லாம் மோசமாகவும் கேட்கும். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எடுங்கள். முதல் தடவை உறுத்திய விஷயங்களில் பாதி இரண்டாம் தடவை உறுத்தாது. உறுத்துகிற மீதிப் பாதியைத் தாளில் எழுதுங்கள்.

குறைகளைப் பங்கு பிரிப்பது

எழுதிய ஒவ்வொன்றையும் எடுத்து, மூன்றில் எந்தக் கணக்கில் சேரும் என்று பாருங்கள். அகன்ற உடல், தள்ளிப்போன முதல் ஃபிரெட், எட்டாத குமிழ், ஊளை, மென்மையான உச்ச ஓசை எல்லாம் வகையின் இயல்பு. இவற்றோடு வாழ முடியுமா என்பது மட்டுமே கேள்வி. பேரம் பேசிப் பயனில்லை. ஆக்‌ஷன், கம்பித் தடிமன், நெக் வளைவு, நட் பள்ளம், 12-ஆம் ஃபிரெட்டில் சுருதி விலகுவது ஆகியவை செட்டப் கணக்கு. முறுக்கிய நெக், விரிசல், தூக்கிய ஃபிரெட், செத்த ஸ்வரம், கரகரக்கும் பாட் ஆகியவை பழுது.

செட்டப் கணக்கில் ஒரு சூட்சுமம். ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது என்று சொன்னால் கடைக்காரர், 'வாங்குவதென்றால் இறக்கித் தருகிறேன், தம்பி' என்பார். 'இறக்கிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணா' என்று பணிவாகவே மறுத்துவிடுங்கள். உயர்ந்த ஆக்‌ஷன் பல பாவங்களை மறைக்கும். கம்பியை இறக்கினால்தான் தூக்கிய ஃபிரெட் எது என்று 'ஜிர்ர்' சத்தத்தில் வெளிவரும். பணம் கட்டிய பிறகு இறக்கி, பிறகு கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

செமி-ஹாலோ அல்லாத வேறு வகையென்றால்

தலையில்லாக் கிட்டாரில் சுருதி சேர்ப்பது பிரிட்ஜ் பக்கம். சில மாடல்களுக்கு இரு முனையிலும் உருண்டை வைத்த தனிக் கம்பி வேண்டும். கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே யோசியுங்கள். சாதாரணக் கம்பி ஏற்கும் மாடலே நமக்குப் புத்திசாலித்தனம். ஃபிரெட்டுகள் விசிறிபோல விரியும் மல்டி-ஸ்கேல் வகையில் நடுப்பகுதி உடனே கைக்கு வந்துவிடும். சோதனை இரு முனைகளில்தான். முதல் ஃபிரெட்டில் பாரே கார்டு பிடித்துப் பாருங்கள், 15-க்கு மேலேயும் பிடித்துப் பாருங்கள்.

ஏழு கம்பி வகையில் நெக் அகலம் கூடுகிறது. கட்டை விரலை நெக்குக்கு மேலே கொக்கிபோல் போட்டு வாசிக்கிறவர்களுக்கு இது ஆகாது. கனத்த கம்பியைச் சிறிய ஆம்பில் கேட்டால் வெறும் புடைப்பாகத்தான் கேட்கும். பெரிய ஸ்பீக்கர் கேளுங்கள். ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் வடிவத்தை எடுத்தால் ஆறாம் கம்பியை ஓங்கி அடியுங்கள். பிரிட்ஜின் பள்ளத்திலிருந்து கம்பி எகிறிக் குதிப்பது அந்த வகையின் நெடுநாள் புகார். ஸ்பிரிங்கில் மிதக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வைத்த கிட்டாரில் ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். அதைச் செட்டப் செய்யத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வாங்குவது என்று முடிவானால்

நீங்கள் வாசித்த அதே கிட்டாரைக் கேளுங்கள். 'இது காட்சிக்கு வைத்தது, உள்ளே பெட்டியில் புதுசு இருக்கிறது' என்று சொல்வார்கள். ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. புதுசுதான் வேண்டுமென்றால் பெட்டியைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து, டார்ச் உட்பட, எல்லாச் சோதனையும் செய்யுங்கள். காட்சிக்கு வைத்ததையே எடுத்துக்கொண்டால், கீறல்களைக் காட்டி விலை குறைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பில்லிலும் வாரன்டி அட்டையிலும் உள்ள வரிசை எண், கிட்டாரில் உள்ள வரிசை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். செட்டப்புக்கு மறுபடி கொண்டுவந்தால் இலவசமா, எத்தனை மாதத்துக்குள் என்று பில்லின் பின்பக்கமே எழுதி வாங்குங்கள்.

உறை வாங்கும்போது கவனம். ஸ்ட்ராட்டுக்கான பையில் 335 நுழையாது. அக்கூஸ்டிக் பையில் நுழையும், ஆனால் உள்ளே ஆடும். அந்த வடிவத்துக்கென்றே உள்ள, தலைப்பகுதிக்கு அடியில் மெத்தை வைத்த பையையோ கெட்டிப் பெட்டியையோ வாங்குங்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் டிக்கியில் போடச் சொன்னால் போடாதீர்கள். கிட்டாரின் கழுத்து அடி தாங்காது. புறப்படும் இடத்திலேயே ஏறி, ஜன்னலோர இருக்கை பிடித்து, கால்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது, கிட்டாரோடு வர அதுவே வசதி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லாததால் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காரில் வருகிறவர்கள் சூளகிரிப் பக்கம் சாப்பிட இறங்கினால் கிட்டாரையும் கையோடு இறக்கிவிடுங்கள்; சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் கடையில் செய்த செட்டப் அப்போதே கலைந்துவிடும்.